விடியுமுன் ஓடுகிறவர்களுக்கு எந்தச் சாலை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அதிகாலையில் பெண்கள் தனியாக ஓடப் போவது ஆபத்து, போவதானால் குழுவாகப் போகட்டும், முடியாதென்றால் நன்றாக விடிந்தபின் போகட்டும் என்று அண்மையில் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். அவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெங்களூரு அல்சூரில் நெடுங்காலமாகத் தனியாகவே ஓடி வருகிறவள் என்ற முறையில், அந்த யோசனை எத்தனை பேருக்கு ஒத்துவரும் என்பதையும், தனியாக ஓடுகிறவர் எதை எதைப் பார்த்து வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதையும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கோருகிறேன்.

முதலில் விடியல் கணக்கு. பெங்களூரில் மே மாத இறுதியில் சூரியன் ஏறக்குறைய 5.52-க்கு உதித்துவிடும், ஜனவரி கடைசியில் 6.46 ஆகும். ஏழரை மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, எட்டரைக்குள் அலுவலகத்துக்குக் கிளம்ப வேண்டிய ஒரு பெண்ணுக்கு ஜனவரியில் 'விடிந்தபின்' என்ற நேரமே கிடையாது. அவள் ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் ஓடினால்தான் உண்டு. மாலையில் ஓடலாமே என்றால், அந்த நேரத்தில் நகரச் சாலைகளில் நடப்பதே பெரும்பாடு. குழுக்களைப் பற்றியும் குறையாக ஒன்றும் சொல்வதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பூங்காவுக்குள் வாகனங்களை விடுவதில்லை என்பதால் அங்கே கூடி ஓடுகிறவர்கள் ஏராளம். 2008 முதல் நடந்துவரும் பத்து கிலோமீட்டர் ஓட்டப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறவர்களில் பலர் அங்கேதான் உருவாகிறார்கள். ஆனால் வாரத்தின் மற்ற நாள்களில், வீட்டிலிருந்து அரைமணித் தூரம் வண்டி ஓட்டிப் போய், தமக்கு ஒவ்வாத வேகத்தில் ஓடிவிட்டுத் திரும்பி வர எல்லோருக்கும் முடியாது. தனியாக ஓடுவதைச் சிலர் விரும்பித் தேர்கிறார்கள், பலருக்கு அது ஒன்றே வழி. இரு தரப்பாருக்கும் தேவைப்படுவது, எந்தச் சாலையில் ஓடலாம் என்ற தெளிவு.

வழி தேடுகிறவர்கள் பெரும்பாலும் மரநிழலையும் அமைதியையும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, அந்த நேரத்தில் அங்கே யார் விழித்திருக்கிறார்கள் என்பதைத்தான். அல்சூர் சோமேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஐந்து மணிக்கே பூ வியாபாரம் தொடங்கிவிடுகிறது. மூட்டையைப் பிரித்து, ஈரச் சாக்கின்மேல் மல்லியையும் செவ்வந்தியையும் கொட்டி, உட்கார்ந்தபடியே முழம் கட்டிக்கொண்டிருக்கும் அம்மாள், இரண்டு நாள் நான் அந்தப் பக்கம் போகாவிட்டால், "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிடுவார். பால் வண்டிக்காரர் நந்தினிப் பால் கூடைகளை அடுக்கிக்கொண்டிருப்பார். ஆட்டோ ஸ்டாண்டில் முதல் சவாரிக்கு நிற்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். முனைத் தேநீர்க் கடையில் அடுப்பு எரியும். என்னைப் பொறுத்தவரை இவர்கள்தாம் காவல். ஒரு நாள் ஸ்கூட்டரில் வந்த ஒருவன் என்னைக் கடந்து போய், வளைந்து திரும்பி, மீண்டும் மெதுவாகப் பின்னால் வந்தான். நான் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே அந்தத் தேநீர்க் கடைக்குப் போய் நின்றுகொண்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த வடிகட்டியைக் கீழே வைத்து, சாலைக்கு இறங்கி வந்து, வண்டி எண்ணைச் சத்தமாகப் படித்தார். அவன் அந்த இடத்தில் ஒரு கணம்கூட நிற்கவில்லை. பின்தொடரப்படுகிறோம் என்று தோன்றினால் வீட்டுக்கு ஓடக் கூடாது. வீடு எது என்று காட்டிக்கொடுத்துவிடுவோம். ஆள் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். அதற்கு, அப்படிப்பட்ட இடங்கள் வழியில் எங்கெங்கே இருக்கின்றன என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இதே அளவுகோலால் பார்த்தால், பார்வைக்கு அழகான பல சாலைகள் தேறமாட்டா. பழைய தண்டுப் (கண்டோன்மென்ட்) பகுதியில் ராணுவ வளாகங்களின் மதில்கள் நெடுந்தூரம் நீள்கின்றன. சாலை சுத்தமாக இருக்கும், மரங்கள் கவிந்திருக்கும், வண்டிகளும் குறைவு. ஆனால் ஒரு பக்கம் மதில், மறுபக்கமும் மதில், இடையில் ஒதுங்க ஒரு கடையோ திறந்த வாசலோ கிடையாது. பகலில் அங்கே ஓடுவது சுகம். இருட்டில் நான் ஓடுவதில்லை. ஏரியைச் சுற்றியும் இதே நிலைதான்: அல்சூர் ஏரியின் அண்ணாசாமி முதலியார் சாலைப் பக்கத்தில், தமிழ்ச் சங்கக் கட்டடத்தையொட்டி ஆள் நடமாட்டம் இருக்கிறது, ஒரு பக்கம் முழுதும் வேலியாகவே போகும் இடங்களில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும்.

புதிய வழி எதையும் முதலில் பகலில் நடந்து பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்டாயமான வழக்கம். நடக்கும்போதுதான் நடைபாதை எங்கே முடிந்து போகிறது, எந்தச் சந்து முட்டுச்சந்து, எந்த வளைவில் பேருந்து நடைபாதையை உரசிக்கொண்டு திரும்புகிறது, எந்த வாசலில் நாய் கட்டப்படாமல் கிடக்கிறது என்பதெல்லாம் தெரியும். அடுத்தது வழியின் வடிவம். நேராக ஐந்து கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்பி வருவதைவிட, வீட்டைச் சுற்றி ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்ச் சுற்று ஒன்றைப் பல தடவை ஓடுவது மேல். கணுக்கால் பிசகினாலும், மழை பிடித்துக்கொண்டாலும், மனத்துக்கு ஏதோ சரியில்லை என்று பட்டாலும், எந்தக் கட்டத்திலும் வீடு பத்து நிமிட நடையில் இருக்கும். சலிப்பாக இருக்கிறது என்பார்கள், இருக்கிறதுதான். அருகருகே இருக்கும் இரண்டு சுற்றுகளை எட்டு வடிவத்தில் இணைத்துக்கொண்டால் சலிப்புக் குறையும், திசையை மாற்றி மாற்றி ஓடவும் வசதி. தினமும் ஒரே நிமிடத்தில் ஒரே முனையைக் கடக்கிறவரைக் கவனித்து வைத்துக்கொள்வது மிக எளிது என்பதால் இந்த மாற்றம் அவசியம்.

இதையொட்டியே கைபேசிச் செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடிய வழியை வரைபடத்தில் பதிந்து எல்லோருக்கும் காட்டுவது இன்று இளைஞர்களிடம் பெரிய வழக்கமாகிவிட்டது. 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா செயலி வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில், படைவீரர்கள் ஓடிய தடங்களை வைத்தே ராணுவ முகாம்களின் இருப்பிடங்கள் புலப்பட்டுவிட்டன என்பது உலகச் செய்தியானது. முகாமையே காட்டிக்கொடுத்த வரைபடத்துக்கு நம் வீட்டு வாசல் எம்மாத்திரம்? தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறைக்கும் வசதி அதே செயலியில் இருக்கிறது. அதை முதல் நாளே அமைத்துவிட வேண்டும். வரைபடத்தை ஊருக்குக் காட்டுவதைவிட, வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை வீட்டில் ஒருவருக்கு மட்டும் அனுப்புவது புத்திசாலித்தனம். பதினைந்து நிமிடம், ஒரு மணி, எட்டு மணி என்று மூன்று கால அளவுகள் அதில் உண்டு. ஒரு மணி தாராளமாகப் போதும். அதை அனுப்பினால் மட்டும் போதாது, "ஆறு பத்துக்குள் வரவில்லையென்றால் போன் செய்யுங்கள்" என்று சொல்லியும் விட்டுப் போக வேண்டும், ஏனென்றால் தூக்கத்தில் இருப்பவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. இரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய சீட்டு ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். காதில் பாட்டு வேண்டுமென்றால் ஒரு காதோடு நிறுத்திக்கொள்ளலாம். இருட்டில் அதுவும் வேண்டாம் என்பேன்.

ஆட்களால் வரும் ஆபத்தையே எல்லோரும் பேசுகிறோம், வண்டிகளை மறந்துவிடுகிறோம். 2023 மார்ச்சில் மும்பை ஒர்லி கடற்கரைச் சாலையில் காலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண், வேகமாக வந்த கார் மோதி இறந்தார். நூறு வயதைக் கடந்தும் மராத்தான் ஓடி உலகப் புகழ் பெற்ற ஃபௌஜா சிங், 2025 ஜூலையில் பஞ்சாபில் தம் சொந்த ஊருக்கு அருகே சாலையில் வண்டி மோதித்தான் உயிரிழந்தார். காலி சாலையைக் கண்டால் ஓட்டுநர்களின் கால் தானாகவே அழுத்துகிறது, அதிலும் விடியற்காலையில் வரும் தண்ணீர் டேங்கர் லாரிகளுக்குச் சிக்னல் என்று ஒன்று இருப்பதாகவே தெரிவதில்லை. நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓட வேண்டும் என்பது பொதுவான விதி, நல்ல விதி. பெங்களூரில் அதற்கு ஒரு துணைவிதி சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: தவறான திசையில் வரும் ஸ்கூட்டர்கள் அதே வலது ஓரத்தில், நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகின்றன, பெரும்பாலும் விளக்கில்லாமல். ஆகவே எதிரே பார்த்துக்கொண்டு ஓடினாலும், திருப்பங்களில் ஒரு தடவை பின்னாலும் திரும்பிப் பார்க்க வேண்டும். கறுப்பு உடை வேண்டாம். வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் பட்டை வைத்த மேலுடை பெரிய விலையில்லை. கையில் சிறு டார்ச் இருந்தால் நம்மை வண்டிக்குக் காட்டும், பள்ளத்தை நமக்குக் காட்டும்.

பள்ளம் என்று சாதாரணமாகச் சொல்கிறேன். மழைநீர்க் கால்வாயின்மேல் போட்ட கல்பலகைகள்தாம் இங்கே பல தெருக்களில் நடைபாதை. ஒரு பலகை உடைந்தாலோ காணாமல் போனாலோ இருட்டில் ஆள் விழும் ஆழம். அதைவிடக் கொடியது மின்சாரம். 2023 நவம்பர் 19-ஆம் நாள் விடியற்காலையில், ஒயிட்ஃபீல்டு ஹோப் ஃபார்ம் சந்திப்பில், நடைபாதையில் அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்து ஓர் இளம் தாயும் அவர் கையிலிருந்த ஒன்பது மாதக் குழந்தையும் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து திரும்பி வந்து வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தவர்கள். அதற்குப் பின்னும் நடைபாதையிலேயே டிரான்ஸ்ஃபார்மர்களும் தொங்கும் கேபிள்களும் இருக்கத்தான் செய்கின்றன. ஏப்ரல், மே மாதக் கோடை மழைக்கு மறுநாள் காலையில் மரக்கிளைகள் ஒடிந்து கம்பிகளோடு விழுந்து கிடப்பது வழக்கம். அப்படிப்பட்ட நாள்களில் மின்கம்பத்தை ஒட்டித் தேங்கிய நீரில் காலை வைக்கவே கூடாது. ஓட்டத்தை ஒரு நாள் விட்டுவிட்டால் குடிமுழுகிப் போகாது. அறுந்த கம்பியைக் கண்டால் தொலைவிலேயே நின்று மின்வாரிய உதவி எண்ணான 1912-க்குச் சொல்லிவிட்டு, அடுத்து வருகிறவரையும் தடுத்து நிறுத்துவது நம் கடமை.

தெருநாய்களைப் பற்றி எழுதினால் இரு பக்கத்திலிருந்தும் கண்டனம் வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஓடுகிறவரைத் துரத்துவது நாயின் இயல்பு, ஆகையால் நாய்க்கூட்டம் கண்ணில் பட்டவுடனே, அது நம்மைக் கவனிக்கும் முன்பே, நடைக்கு இறங்கிவிட வேண்டும். கண்ணோடு கண் பார்க்காமல், முதுகைக் காட்டி ஓடாமல், கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு மெதுவாகக் கடந்தால் பெரும்பாலான நாய்கள் குரைப்பதோடு நின்றுவிடும். குட்டி போட்டிருக்கும் நாயும், குப்பை கொட்டும் முனையும் இருக்கிற தெருவை அந்த மாதம் முழுதும் தவிர்த்துவிடலாம். கடித்துவிட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் தடவுவதை விட்டுவிட்டு, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். பிறகு அன்றைக்கே மருத்துவமனை. வெறிநோய்த் தடுப்பூசியைத் தசையில் போடும் முறையில் முதல் ஊசி போட்ட நாளைப் பூச்சியமாகக் கொண்டு 3, 7, 14, 28 ஆகிய நாள்களில் மீதி ஊசிகள். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தும் தேவை, அதைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு ஊசியோடு நின்றுவிடுகிறவர்கள் ஒரு விஷயத்தை நினைவில் வைக்கட்டும்: வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அதன்பின் பிழைப்பது அரிதினும் அரிது.

தொல்லை கொடுப்பவரைப் பற்றிப் புகார் செய்யப் பலரும் தயங்குகிறார்கள், 'இருட்டில் ஏன் போனாய்?' என்ற கேள்வி வரும் என்பதால். குற்றங்களுக்கான சட்டமாகிய பாரதிய நியாய சம்ஹிதையின் 78-ஆவது பிரிவு பின்தொடர்வதையும், 79-ஆவது பிரிவு சொல்லாலும் சைகையாலும் பெண்ணை இழிவுபடுத்துவதையும் குற்றமாக்குகின்றன. அவற்றில் மணிக்கணக்கு எதுவும் எழுதப்படவில்லை. சம்பவம் நடந்த இடம் எங்கள் எல்லையில் இல்லை என்று சொல்லி எந்தக் காவல் நிலையமும் புகாரைத் திருப்பிவிட முடியாது. அவசரத்துக்கு 112. அழைக்கும்போது 'ஏரிப் பக்கம்' என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது. 'திருவள்ளுவர் சிலைக்கு அருகே' என்பதைப் போன்ற ஓர் அடையாளத்தைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வழியை நடந்து பார்க்கும்போதே இந்த அடையாளங்களையும் மனத்தில் குறித்துக்கொள்ளலாம். கன்னடத்தில் இரண்டு வாக்கியம் சொல்லப் பழகிக்கொள்வதும் நல்லது.

ஓடுகிறவர் செய்ய வேண்டியவற்றை இவ்வளவு சொன்னபின், நிர்வாகம் செய்ய வேண்டியதையும் சொல்லாமல் விட முடியாது. மாநகராட்சிப் பூங்காக்கள் காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கும் என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது. நகரம் இப்போது ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்திருக்கும் நிலையில், எங்கள் பக்கத்துப் பூங்கா ஒன்றில் காவலாளி வந்து பூட்டைத் திறக்கும்போது ஐந்தரையும் ஆகிறது, ஐந்தே முக்காலும் ஆகிறது. பூட்டிய கேட்டின் முன்னே இருட்டில் காத்து நிற்பதைவிடச் சாலையில் ஓடுவதே பாதுகாப்பு என்ற விசித்திரமான நிலை. லால்பாக்கின் 240 ஏக்கரும் ஆறு மணிக்குத்தான் திறக்கின்றன. ஒரே ஒரு வாயிலை மட்டுமாவது ஐந்து மணிக்குத் திறந்து, அதை ஒட்டிய ஒரு சுற்றுப் பாதைக்கு மட்டும் விளக்குப் போட்டால், தென்பெங்களூரில் எத்தனையோ பேருக்கு அது போதும்.

விளக்குகளில் இன்னொரு கோளாறு உண்டு. இந்நகரின் மரங்கள் நமக்குப் பெருமை. ஆனால் தெருவிளக்குகள் அந்த மரக்கிளைகளுக்கு மேலே இருப்பதால் ஒளி இலைகளுக்குத்தான் போகிறது, நடைபாதைக்கு இறங்குவதில்லை. கிளையை வெட்டுங்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தக் கட்சியில்லை. கிளைகளுக்குக் கீழே, தாழ்ந்த கம்பங்களில் நடைபாதைக்கென்று தனி விளக்கு வைத்தால் மரமும் பிழைக்கும், மனிதரும் பிழைப்பார்கள். செயின்ட் மார்க்ஸ் சாலை, ரெசிடென்சி சாலை, கன்னிங்ஹாம் சாலை ஆகியவற்றைக் கேபிள்களைப் பூமிக்கடியில் கொண்டுபோய், நடைபாதையை அகலமாக்கி அமைத்தது இதே நகரம்தானே. அலுவலகங்களும் கடைகளும் உள்ள சாலைகளுக்குச் செய்ததை, மக்கள் குடியிருக்கும் பகுதிகளில் வட்டாரத்துக்கு ஒரு சுற்றுக்காவது செய்யக் கூடாதா? நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்று சாலைகளுக்கான நெறிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டி நெறி சொல்கிறது. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவின்கீழ் வரும் உரிமை என்று உச்ச நீதிமன்றமே 2025 மே மாதம் கூறிவிட்டது.

காவல் துறையிடம் கேட்பது ஒன்றுதான். ஹொய்சளா ரோந்து வண்டிகள் இரவு முழுதும் சுற்றுகின்றன. ஐந்து மணி முதல் விடியும் வரை ஏரிகளையும் பூங்காக்களையும் சுற்றிய சாலைகளில் அவை ஒரு முறையேனும் மெதுவாகப் போய் வந்தால் போதும், நிறுத்தி விசாரிக்கக்கூட வேண்டியதில்லை.

தங்கள் நாளிதழும் ஒன்று செய்யலாம். சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், மர்பி டவுன், ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி என்று தமிழர்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளில் விடியுமுன் நடக்கிறவர்களிடமும் ஓடுகிறவர்களிடமும் கேட்டு, எந்தச் சுற்றில் எந்த இடத்தில் விளக்கு எரியவில்லை, எந்தக் கேட் நேரத்துக்குத் திறக்கவில்லை, எந்தப் பலகை உடைந்திருக்கிறது என்பதைத் தெருப் பெயரோடு மாதம் ஒரு முறை வெளியிட்டால், அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய் நிற்க நாங்கள் தயாராக இருக்கிறோம். ஓடுகிறவர்களின் வீட்டு விவரமோ நேரமோ அதில் வர வேண்டாம். எங்கள் அல்சூர்ப் பகுதிக்கான முதல் பட்டியலை இக்கடிதத்துடன் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
அல்சூர், பெங்களூரு